கட்டிலுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோடு

நாங்கள் வீடு வாங்கியது ஒஸ்லோவில், ஸ்தொவ்னர் பக்கம், 2022 கடைசியில். ஏலம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இங்கே கேட்ட விலை கேட்டதுதான், விற்பவர் ஒத்துக்கொண்டால் பின்வாங்க முடியாது. வீட்டுப் படங்களை இருபது தடவையாவது பார்த்திருப்போம். மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்து எழுதிய நிலை அறிக்கையைப் புரட்டியதோடு சரி. அத்தனை பக்க நோர்வே மொழியை அந்த அவசரத்தில் யார் வாசிப்பது?

பெப்ரவரியில் கீழறையில் ஈர மண் மணம். மகளின் கட்டிலை நகர்த்தினேன். சுவர்ப்பலகையின் அடியில் கறுப்பாக ஒரு கோடு. விரலால் அழுத்தினேன், நனைந்த பாண் மாதிரி உள்ளே போனது.

அன்றிரவே எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்திருப்பேன். நல்லவேளை, இங்கே முப்பது வருடமாக இருக்கும் ஒரு அண்ணைக்குப் போன் எடுத்தேன். "தம்பி, ஒண்டிலையும் கை வைக்காதை. முதல்ல படம் எடு, பிறகு கடிதம் எழுது" என்றார்.

முந்தி ஒப்பந்தத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி போட்டால் விற்பவர் பெரும்பாலும் தப்பிவிடலாம். 2022 ஜனவரி 1 முதல் குடியிருக்க வீடு வாங்குபவரிடம் அந்த வரி செல்லாது. விற்றவருக்கே தெரியாத குறை என்றாலும் பொறுப்பு அவருடையதுதான். முறையிட, வீட்டைக் கையேற்ற நாளிலிருந்து 5 வருடம் உண்டு. அதற்காக ஆறப்போடக் கூடாது, குறையைக் கண்டபின் நியாயமான காலத்துக்குள் எழுத்தில் அறிவித்துவிட வேண்டும். இரண்டு மூன்று மாதம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். முதல் 10,000 குரோணர் எப்படியும் நம் தலையில்.

விற்றவர் காப்புறுதி எடுத்திருந்ததால் என் கடிதம் அந்தக் கம்பனிக்குப் போனது. அவர்கள் அனுப்பிய ஆள் இரண்டு ஊசி உள்ள ஒரு கருவியைப் பலகையில் குத்தினார், அது கத்தத் தொடங்கியது. சரி, வந்ததுதான் வந்தார் என்று குளியலறையையும் காட்டினேன். அங்கேயும் தரையோரம் கசிவு.

அவர் அந்த நிலை அறிக்கையைத் திறந்தார். குளியலறைக்கு டிஜி 2. டிஜி என்பது நிலையைக் காட்டும் தரம், எண் கூடக் கூட நிலை மோசம். ஓடுகளுக்குக் கீழே உள்ள நீர்த்தடுப்பு பழசு, எப்போதும் பழுதாகலாம் என்று எழுதியிருந்தது. "இது உங்களுக்குத் தெரிந்த விஷயம்" என்றார். வாசிக்கவில்லை என்றேன். அது கணக்கில் இல்லையாம். அறிக்கையில் தெளிவாக இருந்தால், வாங்கியவருக்குத் தெரியும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். கீழறைச் சுவருக்கோ டிஜி 1, பெரிதாகக் குறையில்லை என்று அர்த்தம். அதனால் அதற்கு மட்டும் பணம் கிடைத்தது. நல்ல பெயர் வாங்கிய சுவர்தான் எங்களைக் காப்பாற்றியது!

திருத்தச் செலவு 1 இலட்சத்து 80 ஆயிரம். பழைய பலகைக்குப் பதில் புதுப்பலகை வருகிறது என்று 50 ஆயிரத்தைக் கழித்தார்கள். அதில் எனக்கு இன்னமும் கோபம்தான். அந்த 10 ஆயிரமும் போய்க் கைக்கு வந்தது 1 இலட்சத்து 20 ஆயிரம். குளியலறையைச் சொந்தக் காசில் செய்தோம்.

பிறகுதான் உட்கார்ந்து அறிக்கையை முழுக்க வாசித்தேன். எங்கள் அறை அலுமாரிக்குள் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. குளியலறைச் சுவரின் ஈரத்தைப் பார்க்க மதிப்பீட்டாளர் பின்பக்கமாகத் துளைத்த ஓட்டையாம் அது, படத்தோடு போட்டிருந்தார்கள். நாங்கள் அதைக் காற்றுப் போக வைத்தது என்று நினைத்து, அடைபடாமல் உடுப்புகளைத் தள்ளித் தள்ளித் தொங்கவிட்டிருந்தோம்.