மண்கரையே மதிலான ஊர்: வில்லெம்ஸ்டாட்டில் மூன்றரை மணி நேரம்

கப்பலைவிட்டு இறங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கடைசி நாள் காலையில் எங்கள் அறைக் கதவுக்கு அடியில் செருகப்பட்டிருந்த பில்லை விரித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எல்லாச் செலவும் பயணச் சீட்டிலேயே அடக்கம் என்று சொல்லி ஏற்றிக்கொண்ட கப்பலில், சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே குடித்த இரண்டு கோப்பை இஞ்சித் தேநீருக்கும், ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று எங்களைக் கேட்காமலே சேர்த்துக்கொண்ட பணியாளர் அன்பளிப்புக்கும் தனித்தனியே காசு பிடித்திருக்கிறார்கள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் அதே கப்பல் ஒரு காலைப் பொழுதுக்கு எங்களை இறக்கிவிட்ட ஒரு சின்னஞ்சிறு ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நெதர்லாந்தின் வடக்கு பிராபன்ட் மாகாணத்தில், ஹாலன்ட்ஸ் டீப் என்னும் அகன்ற நீர்ப்பரப்பின் தென்கரையில் இருக்கிற அந்த ஊரின் பெயர் வில்லெம்ஸ்டாட். படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும், “கரீபியனுக்கா போயிருக்கிறீர்கள்?” என்று மைத்துனர் கேட்டார். குராசாவ் தீவின் தலைநகருக்கும் இதே பெயர்தான். பெரிய கடற்கப்பல்கள் போவது அந்த ஊருக்கு. நாங்கள் போனது ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆன்ட்வெர்ப்புக்கு டூலிப் பருவத்தில் ஓடும், இரண்டே தளம் உயரமான ஓர் ஆற்றுக் கப்பல். கடைசி நேரத் தள்ளுபடியில் மகள் பதிவு செய்திருந்தாள். தள்ளுபடி போக எவ்வளவு என்று அவள் இதுவரை என்னிடம் சொல்லவில்லை.

முந்தின நாள் இரவே எங்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. வில்லெம்ஸ்டாட்டில் கப்பல் நிற்கும்போது, அங்கிருந்து பேருந்தில் டெல்டா அணைகளுக்கு அழைத்துப்போகும் சுற்றுலா ஒன்று உண்டு, ஆளுக்கு 69 யூரோ என்று அறிவித்தார்கள். பொதுப்பணித் துறையின் நீர்வளப் பிரிவில், பெரும்பாலும் கொள்ளிடக் கரையிலேயே 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். 1953 பிப்ரவரி முதல் தேதி விடியற்காலையில் கடல் உள்ளே புகுந்து 1,836 பேரைக் கொண்டுபோன பிறகு, அந்த நாடு கழிமுகங்களை ஒவ்வொன்றாக அடைத்து வந்த கதையைப் பாடமாகப் படித்தவன். அதன் உச்சமான, 1986-இல் முடிந்த கிழக்கு ஸ்கெல்ட் தடுப்பணையின் 62 எஃகு ஷட்டர்களை ஒரு முறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என் மனைவி கணக்கைத் தாளில் எழுதியே காட்டினாள்: இருவருக்கு 138 யூரோ, அதை ரூபாயாக்கினால் ஐந்து இலக்கம். “அணை எங்கேயும் ஓடிப்போகாதுங்க, பணம்தான் போகும்” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து சேர வேண்டிய கப்பல் பத்துக்குத்தான் வந்தது. ஒன்றரைக்கெல்லாம் திரும்ப ஏறிவிட வேண்டும் என்ற கட்டளையில் மட்டும் மாற்றமில்லை. பேருந்துக்காரர்கள் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் வரிசையாகப் போனதை நான் மேல்தளத்திலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். பிறகு வேறு வழியில்லாமல் இறங்கினோம். கப்பல் நிற்கும் இடம் ஊருக்கு வெளிப்புறத்து நீர்விளிம்பு. அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் பாய்மரப் படகுகள் நெருக்கியடித்து நிற்கும் பழைய துறைமுகம். அதன் ஓரத்தில், 1734-ஆம் ஆண்டு கட்டிய வெள்ளைக் காற்றாலை ஒன்று நிற்கிறது. எல்லோரும் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குள் போய்விடுகிறார்கள். நாங்கள் காற்று அடித்த பக்கமாக ஒதுங்கியதில் தற்செயலாக ஒரு புல்மேட்டின் மேல் ஏறிவிட்டோம். ஏறி நின்று பார்த்ததும் எனக்குக் கோபம் போய்விட்டது.

அது கரை. நான் ஆயுள் முழுக்க நடந்த அதே மாதிரி மண் கரை: மேலே நடக்கும் அகலம், இரண்டு பக்கமும் சரிவு, சரிவு முழுக்க ஒட்ட வெட்டிய புல், கீழே தண்ணீர். கோட்டை என்றால் செஞ்சியையும் வேலூரையும்போலக் கல்லை அடுக்கியிருப்பார்கள் என்று எண்ணிப் போனவனுக்கு, ஏரிக்கரையைக் கொண்டுவந்து நட்சத்திர வடிவில் வளைத்து அதற்குக் கோட்டை என்று பெயர் வைத்திருப்பது போலத் தோன்றியது. உண்மையும் கிட்டத்தட்ட அதுதான். ஸ்பெயினை எதிர்த்துக் கலகம் செய்த டச்சுக்காரர்களிடம் கல்லும் இல்லை, கல் வாங்கப் பணமும் இல்லை. இருந்ததெல்லாம் மண்ணும், இரண்டு முழம் தோண்டினாலே ஊறிவரும் தண்ணீரும், கரை போடத் தெரிந்த கைகளும். பீரங்கிக் குண்டு கல் மதிலில் பட்டால் மதில் சிதறும். மண் மேட்டில் பட்டால் குண்டு புதைந்துபோகும். தோண்டிய பள்ளமே அகழி, அள்ளிப்போட்ட மண்ணே மதில். நம் கிராமத்தில் ஏரி வெட்டும் கணக்குக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. இதில் ஒரு குறை உண்டு: பனிக்காலத்தில் அகழி உறைந்துவிட்டால் எதிரி நடந்தே வந்துவிடலாம் என்பதால், காவலிருந்தவர்கள் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததாம். ஐப்பசி அடைமழையில் மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையுமாகக் கரையில் விழித்திருந்த இரவுகள் நினைவுக்கு வந்தன. அந்தக் காவல்காரர்கள்மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

இந்த ஊர் 1560-களில் கடலிலிருந்து மீட்ட நிலத்தில் ரெய்கென்ஹில் என்ற சிற்றூராகத்தான் தொடங்கியது. அதை 1583-இல் அரண்செய்யச் சொன்னவர், ஸ்பெயினை எதிர்த்த அந்தக் கலகத்துக்குத் தலைமை தாங்கிய ஆரஞ்சு இளவரசர் வில்லெம்; மறு ஆண்டே அவர் டெல்ஃப்ட் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்; ஊர் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. வரைபடம் போட்டவர் ஆட்ரியான் ஆன்டோனிஸ் என்னும் அல்க்மார் நகரத்துக்காரர். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று கரைமேல் நின்றபடி கைப்பேசியில் தேடினேன். வட்டக் கணக்குக்கு வேண்டிய பை (π) மதிப்பைப் பெற 355-ஐ 113-ஆல் வகுத்தால் போதும் என்று ஐரோப்பாவில் கண்டு சொன்ன அதே மனிதர்! தசமப் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம்வரை சரியாக வரும். நாங்கள் படித்தபோது வாத்தியார் 22-ஐ 7-ஆல் வகுத்தால் போதும் என்று சொல்லிவிட்டதால்தான் எங்கள் எஸ்டிமேட்டுகள் எப்போதும் கூடுதலாகவே வந்தன என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

நட்சத்திரத்துக்கு ஏழு முனைகள். ஒவ்வொரு முனையிலும் நீருக்குள் நீண்டு நிற்கும் ஒரு கொத்தளம். ஏழுக்கும் அன்றைய ஏழு மாகாணங்களின் பெயர். ஒரு கொத்தளத்தில் நின்றால் பக்கத்துக் கொத்தளத்தின் அடிவாரம் முழுவதும் கண்ணில் படும்படி கோணத்தை வைத்திருக்கிறார்கள். ஒளிந்துகொள்ள எதிரிக்கு ஒரு மூலைகூடக் கிடைக்காது. கெல்டர்லாந்தின் பெயர் கொண்ட கொத்தளத்தில் சற்று நேரம் உட்கார்ந்தோம். 1613-இல் நம் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்கும் அந்த மாகாணத்தின் பெயரைத்தான் வைத்தார்கள், கெல்டிரியா என்றார்கள். அங்கே இன்று மேடும் புதரும்தான் மிச்சம். கல்லறைத் தோட்டத்து வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் கோட்டை எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இங்கே கரையில் ஒரு சீமைக்கருவேலம் இல்லை, ஒரு ஆக்கிரமிப்பு இல்லை, சரிவில் ஓர் அரிப்புப் பள்ளம்கூட இல்லை. பொறாமையாக இருந்தது என்பதை ஒளிப்பானேன்?

முழுச் சுற்றும் நிதானமாக நடக்க எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கட்டணமும் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கட்டிவிட்டுப் போன கான்கிரீட் பதுங்கு அறைகள் வழியில் அருவருப்பாக நிற்கின்றன. 1793-இல் பிரெஞ்சுப் படை வந்து முற்றுகையிட்டும் இந்தக் கரையைத் தாண்ட முடியாமல் திரும்பியிருக்கிறது. 1940 மே 30 அன்று நடந்தது வேறு கதை. பெல்ஜியப் போர்க் கைதிகளை ஜெர்மனிக்கு ஏற்றிப்போன ரேனுஸ் 127 என்ற சரக்குக் கப்பல், ஊருக்கு எதிரே நீருக்குள் கிடந்த கண்ணிவெடியில் மோதியது. 160-க்கும் மேற்பட்ட கைதிகள் மாண்டார்கள். அவர்களுக்கான நினைவுச்சின்னம் இவ்வூரில்தான் இருக்கிறது. நாங்கள் இறங்கிய நீர்விளிம்பை அதன் பிறகு அதே கண்ணோடு பார்க்க முடியவில்லை.

ஊருக்குள் பார்க்க அதிகமில்லை, அதுவே அதன் நன்மை. லிண்டன் மரங்கள் வரிசையிட்ட ஒரே பெரிய தெரு. அதன் கோடியில் எண்கோண வடிவத் தேவாலயம். 1607-இல் முடிந்த அந்தக் கட்டடம், அந்நாட்டில் புராட்டஸ்டண்டு வழிபாட்டுக்கென்றே புதிதாகக் கட்டிய முதல் தேவாலயம். வில்லெமின் மகன் மவுரிட்ஸ், வட்டமாகவோ எண்கோணமாகவோ கட்டினால்தான் பணம் தருவேன் என்று நிபந்தனை போட்டாராம். கொடுக்கிறவர் கை மேலே இருந்தால் வரைபடமும் அவருடையதுதான் என்பது எந்தத் துறையில் இல்லை? அவர் வேட்டைக்கு வந்து தங்க 1623-இல் கட்டிய மாளிகையும் அருகிலேயே இருக்கிறது.

நடந்த பசிக்குத் துறைமுகத்தில் ஒரு மீன் வண்டி. கிப்பெலிங் என்கிறார்கள்: காட் மீனைத் துண்டு போட்டு, மாவில் தோய்த்து, நம் கண்ணெதிரே எண்ணெயிலிருந்து எடுத்து, மேலே ஒரு மசாலாத் தூளைத் தூவித் தருகிறார்கள். கடித்தால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஆவி பறக்கும் வெள்ளை இதழ்கள். ஆறு நாள் கப்பல் விருந்தில் சாப்பிட்ட சவசவத்த சால்மன்களை எல்லாம் அந்த ஒரு காகிதத் தட்டு தோற்கடித்துவிட்டது. விலை எட்டரை யூரோ, கொடுத்ததற்கு வருத்தமில்லை. ஆனால் கொடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. நோட்டை நீட்டினால் வாங்க மாட்டேன், அட்டை மட்டுமே என்றார் கடைக்காரர். என் அட்டையை அவருடைய கருவி மூன்று முறை துப்பியது. பின்னால் வரிசை நீண்டது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பசியோடு நிற்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று அன்றுதான் தெரிந்தது. மகள் கொடுத்திருந்த அட்டை மனைவியின் கைப்பைக்குள், பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் கிடைத்தது. அவள் சைவம், பக்கத்துக் கடையில் பட்டை மணக்கும் ஆப்பிள் பணியாரத்துண்டு ஒன்றை வாங்கிப் பாதியைத் தாளில் சுற்றி வைத்துக்கொண்டாள். கழிப்பறைக்கு ஒரு யூரோ. அதைப் பற்றி எழுதினால் கட்டுரை நீண்டுவிடும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்: இந்த ஊருக்குக் கப்பல்தான் வேண்டும் என்பதில்லை, ரோட்டர்டாமிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கப்பலில் வந்தால் முதலில் கரையைச் சுற்றிவிட்டுத்தான் கடைத்தெருவுக்குள் நுழைய வேண்டும். எதிர்ப்பக்கமாகத் தொடங்கினால் நேரம் போதாது. வெயில் அடித்தாலும் ஏப்ரல் காற்று காதை அறுக்கும், குல்லாய் அவசியம். இந்த நாட்டில் செல்லுபடியாகும் அட்டையைக் கைப்பைக்கு மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரைக்குக் கப்பல் கிளம்பியதும் நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. ஊரைத் தாண்டிய சிறிது தூரத்திலேயே ஃபோல்கராக் லாக்குகள், அதாவது இரு பக்கத்து நீர்மட்டத்துக்கும் ஏற்பக் கப்பலை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள். 24 மீட்டர் அகலமும் 300 மீட்டருக்கு மேல் நீளமுமாக, ஒரே நேரத்தில் வரிசையாகக் கப்பல்களை உள்ளே விழுங்கிக்கொள்ளும் மூன்று பெரிய கால்வாய்ப் பெட்டிகள். நான் பார்க்க ஆசைப்பட்ட அணைகளைக் கட்டிய அதே டெல்டாத் திட்டத்தின் ஒரு பகுதி. இவற்றுக்காகத் தோண்டும்போதுதான், 1966-இல், இடைக்கற்காலத்து மனிதர் யாரோ ஓக் மரத்தில் செதுக்கிய 12.5 சென்டிமீட்டர் உயரப் பொம்மை ஒன்று கிடைத்தது. இப்போது லைடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் கப்பல் கதவுகளுக்கு நடுவே நின்றபோது நான் மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்தேன். மாறியது தெரியவே இல்லை. “இவ்வளவு பெரிய கதவு எதற்குங்க, இவ்வளவு தண்ணீருக்கு?” என்றாள் மனைவி, தாளைப் பிரித்து மீதி ஆப்பிள் துண்டைத் தின்றுகொண்டே. இந்தப் பக்கம் ரைன், மாஸ் ஆறுகள் கொண்டுவரும் வெள்ளம், அந்தப் பக்கம் கட்டி வைத்த ஏரி, வெள்ளம் வருகிற நாளில் வந்து பார் என்று அரைமணி நேரம் விளக்கினேன். அதற்கு 69 யூரோ கேட்டிருக்கலாம்.

அணையைப் பார்த்துவிட்டு மதியமே திரும்பியிருந்த எங்கள் பக்கத்து அறைப் பெரியவரிடம், ஷட்டர்கள் எப்படி என்று ஆவலாகக் கேட்டேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பேருந்திலேயே கழிந்ததாகவும், காற்றில் நிற்க முடியாமல் உள்ளே உட்கார்ந்து குறும்படம் பார்த்ததாகவும் சொன்னார். என்றாலும் அந்த 62 கதவுகளைப் பார்க்காத குறை எனக்கு இருக்கத்தான் செய்கிறது. வரும் சனிக்கிழமை காரில் அழைத்துப்போவதாக மகள் சொல்லியிருக்கிறாள். அங்கே வண்டி நிறுத்த எவ்வளவு வாங்குகிறார்கள் என்று இப்போதே பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.