"உங்க கம்பெனியில முதலாளி யார்?"

சிங்கப்பூரின் தெம்பனீஸில் ஒரு வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு. நானும் என் கணவரும் நடத்தும் கம்பெனி ஏர்கான் சர்வீஸ் செய்து முடித்த நான்காம் நாள், ஹாலில் இருந்த மெஷினிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும், மலாய்க்காரர். எனக்குப் போன் செய்தார். "சாயங்காலமே ஆள் அனுப்புறேன், காசு வேண்டாம்" என்றேன். நான் அனுப்ப நினைத்த வேனை என் கணவர் பொங்கோலுக்குப் புது மெஷின் மாட்ட அனுப்பியிருந்தது எனக்குத் தெரியாது. சர்வீஸ் செய்த பையனோ, "கெமிக்கல் வாஷ் செஞ்சாத்தான் நிக்கும், 120 வெள்ளி ஆகும்" என்று அந்த அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தான்.

இரவு எட்டரைக்கு ஒரு பையனை அழைத்துக்கொண்டு நானே போனேன். சோபாவை ஓரமாகத் தள்ளி, கீழே வாளி வைத்து, சுற்றிலும் பழைய துண்டுகளை விரித்திருந்தார் அந்த அம்மா. சத்தம் போடவில்லை. "உங்க கம்பெனியில முதலாளி யார்? நான் யார் பேச்சை நம்பறது?" என்று மட்டும் கேட்டார். டிரெயின் பைப்பில் அடைத்திருந்த பாசியை உறிஞ்சி எடுக்க இருபது நிமிடம் போதுமாக இருந்தது. அந்தக் கேள்வியை மட்டும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

2012-இல் ஒரு பழைய வேனோடு தொடங்கினோம். ஈசூன் வீட்டு ஹாலில்தான் செப்புக் குழாய்ச் சுருள்கள் கிடக்கும். என் கணவர் ஏணியில், நான் போனில். அப்போது யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதிவைக்க அவசியமே இல்லை. ராத்திரி சாப்பிடும்போது பேசிக்கொள்வோம். இப்போது காக்கி புக்கிட்டில் ஒரு யூனிட், ஏழு வேன், இருபத்தோரு பேர். ஆனாலும் நிர்வாகம் அதே சாப்பாட்டு மேசையில்தான் நடந்துகொண்டிருந்தது. பையன்களுக்கு அவர் அண்ணன், நான் அக்கா. அண்ணன் மறுத்தால் அக்காவிடம் வருவார்கள், அக்கா மறுத்தால் அண்ணனிடம் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வழியைத் திறந்துவிட்டது நாங்கள்தான்.

மனிதவள அமைச்சின் விதிப்படி, 2016 ஏப்ரலிலிருந்து வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். பதவிப் பெயர், முக்கியப் பொறுப்புகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நாங்களும் கொடுத்திருந்தோம். அன்றிரவு அந்தக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். டெக்னீஷியன்கள் எல்லாருக்கும் ஒரே வரி: "ஏர்கான் டெக்னீஷியன், தேவைப்படும் மற்ற வேலைகள்." பதிமூன்று பேருக்கு அதே வரி.

உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் மகனுக்காகக் காத்திருந்த ஒரு சனிக்கிழமை, டேனியல் மெக்கல்லம் என்பவரைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் நியூயார்க் அண்ட் ஈரி ரயில்பாதையின் கண்காணிப்பாளர். ஐம்பது மைல் பாதையை ஒருவர் தன் கண்பார்வையிலேயே நடத்திவிடலாம், ஐந்நூறு மைல் ஆனால் அது நடக்காது என்று 1856-இல் எழுதியிருக்கிறார். யார் யாருக்குக் கீழ் என்று காட்டும் ஒரு அமைப்புப் படமும் தன் ரயில்வேக்கு வரையச் செய்தார். மரம்போல இருக்கும் அது, இயக்குநர் குழு அடியில், ஊழியர்கள் கிளைகளில். என்னை உலுக்கியது படமில்லை, அவர் வைத்த ஒரு விதி. ஊழியர் தனக்கு நேர் மேலே இருப்பவருக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும். பெரிய அதிகாரி நடுவில் புகுந்து நேராக உத்தரவு போட்டால், அந்த மேஸ்திரியின் பேச்சை அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். ஏழு வேனுக்கும் இதேதான் என்று தோன்றியது.

அதனால் முதலில் பிரிக்க வேண்டியிருந்தது எங்கள் இருவரைத்தான். அது இரண்டு வாரம் இழுத்தது, ஒரு நாள் அழுகையும் வந்தது. கடைசியில் சர்வீஸ் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினோம். மெஷின், பொருத்துதல், பாதுகாப்பு, பயிற்சி அவருக்கு. வாடிக்கையாளர், அட்டவணை, பணம், ஆள் சேர்ப்பு எனக்கு. அட்டவணை போடும் பெண்ணைக் கேட்காமல் எந்த வேனையும் அவரும் திருப்பக் கூடாது, நானும் திருப்பக் கூடாது. வேன்களை இரண்டு மேற்பார்வையாளர்களிடம் பிரித்துக் கொடுத்தோம். சர்வீஸ் செய்து முப்பது நாளுக்குள் புகார் வந்தால் இலவசமாகத் திரும்பப் பார்ப்பதை வேன் தலைவரே முடிவு செய்யலாம். 80 வெள்ளி வரை சாமான் வாங்க யாரையும் கேட்க வேண்டாம். 300 வரை மேற்பார்வையாளர் பொறுப்பு. அதற்கு மேல்தான் எங்களிடம் வர வேண்டும்.

இதில் ஒரு தவறு செய்தேன், இன்னும் உறுத்துகிறது. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் 2013-லிருந்து எங்களோடு இருக்கிறார். கம்ப்ரசர் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் கை. மேற்பார்வையாளராக நாங்கள் எடுத்ததோ, ஆட்களையும் கணக்கையும் நன்றாகக் கையாளும் ஓர் இளையவரை. பெரியவரிடம் தனியாகச் சொல்லாமல் எல்லாரோடும் சேர்த்துக் கூட்டத்தில் அறிவித்துவிட்டேன். மறுநாள் கீழே காப்பிக் கடையில் டீயைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார். "அக்கா, பத்து வருஷமா அண்ணன்கிட்ட நேரா பேசினவன் நான். இனிமே நேத்து வந்த தம்பிகிட்ட கேட்டுத்தான் லீவு எடுக்கணுமா?" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். மேலே ஏற ஒரே ஏணிதான், அது ஆட்களை மேய்க்கும் ஏணி என்று வைத்திருந்தது எங்கள் பிழை. கடினமான கோளாறுகளும் புதியவர்கள் பயிற்சியும் அவர் பொறுப்பு என்று தனிப் பதவி வைத்தோம், சம்பளமும் மேற்பார்வையாளருக்கு இணையாக. வேலை நுட்பத்தில் அண்ணனோடு நேராகப் பேசலாம். ஆனால் வேலை நேரமும் லீவும் அந்தத் தம்பி வழியாகத்தான். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டிருந்தால் மறு வாரமே எல்லாரும் பழையபடி அண்ணனிடம் போயிருப்பார்கள்.

அமைப்புப் படம் வரைவதைவிட வாயை மூடிக்கொள்வது சிரமம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பையன் கூப்பிட்டு "அண்ணே, கேஸ் குறையுது, என்ன பண்ணட்டும்?" என்பான். பதில் இவர் நாக்கு நுனியில் இருக்கும். "சூப்பர்வைசர் என்ன சொன்னார்?" என்று கேட்டுவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைப்பார். எனக்கும் அப்படித்தான். ஒரு பழைய வாடிக்கையாளரின் புகாரை அட்டவணைப் பெண் மறுநாளைக்குத் தள்ளினாள். நானாக இருந்தால் அன்றே அனுப்பியிருப்பேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், எழுந்து போகவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு காரணம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை: அன்று இரண்டு வேன்களில் ஆள் குறைவு.

ஸ்டோர் யார் கீழ் என்பது இன்னும் முடிவாகவில்லை. செப்புக் குழாய் அவர் பக்கம், அதற்கான பில் என் பக்கம். எங்கள் படத்தில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

போன மாதம் பெரியவர் மகளுக்கு ஊரில் காதுகுத்து. லீவுப் படிவத்தை அந்தத் தம்பியிடம் கொடுத்திருக்கிறார். தம்பி கையெழுத்துப் போட்டு, அவர் இடத்துக்கு வேறு ஆளையும் ஏற்பாடு செய்திருக்கிறார். அவர் ஊருக்குப் போயிருப்பது, வெள்ளிக்கிழமை அட்டவணைப் பலகையைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.