எக்ஸ்பி கூட்டும் ஸ்கில்லோடு எனக்கு இருக்கும் வழக்கு

மொரிஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் ஒரு சின்னக் குழுவில், ஆர்பிஜி கேம்களுக்கு, அதாவது ஒரு பாத்திரத்தை எடுத்து வளர்த்துக்கொண்டே விளையாடும் கேம்களுக்கு, கணக்குப் போடுவது என் வேலை. எந்த லெவலுக்கு எவ்வளவு எக்ஸ்பி (விளையாடிச் சேர்க்கும் அனுபவப் புள்ளி, அது சேர்ந்தால் லெவல் ஏறும்), எந்த ஸ்கில்லுக்கு (லெவல் ஏறும்போது எடுக்கும் திறன்) எவ்வளவு பலம், எல்லாம் என் அட்டவணையில்தான் இருக்கும். அதில் எனக்கு ஒத்தே வராத ஸ்கில் ஒன்று உண்டு: "இனிமேல் கிடைக்கும் எக்ஸ்பி 10 சதவீதம் கூடும்."

பழைய சரக்குதான். 2008இல் வந்த ஃபால்அவுட் 3 என்ற கேமில் ஸ்விஃப்ட் லேர்னர் என்ற பெயரில் இருந்தது, ஒரு படிக்கு 10 சதவீதம். ஆனால் அந்த கேமில் 20ஆம் லெவலுக்கு மேல் ஏற முடியாது (பிரோக்கன் ஸ்டீல் என்ற கூடுதல் பகுதியை வாங்கினால் 30). நிதானமாகச் சுற்றி விளையாடுகிறவர் எப்படியும் அந்த உச்சியைத் தொட்டுவிடுவார், அப்புறம் அந்த ஸ்கில் சும்மா கிடக்கும்.

சரி, உச்சியே இல்லாவிட்டால்? எங்கள் கேமில் ஒவ்வொரு லெவலுக்கும் தேவையான மொத்த எக்ஸ்பி முந்தைய லெவலைவிட 20 சதவீதம் அதிகம். அப்படி இருந்தால் 10 சதவீதம் கூடுதலாகச் சேர்த்தவர் ஏறக்குறைய அரை லெவல்தான் முன்னால் இருப்பார், 10ஆம் லெவலிலும் அரை, 40ஆம் லெவலிலும் அதே அரை. அதற்கு அவர் கொடுத்ததோ ஒரு முழு ஸ்கில் பாயின்ட், அதாவது ஒரு லெவல் ஏறிய கூலி. கடைசிவரை நஷ்டம். லெவலுக்கு 1000 என்று ஒரே அளவாக வைத்தால் கதை தலைகீழ், மற்றவர்கள் 40இல் நிற்கும்போது இவர் ஏறக்குறைய 44இல் இருப்பார், முதல் நாளே எடுக்காதவர் ஏமாந்தவர். இரண்டிலுமே விளையாடுகிறவர் யோசித்து முடிவெடுக்க ஒன்றும் இல்லை, அதுதான் என் கோபம்.

எங்கள் கேமை விளையாடிச் சோதிக்கும் டெஸ்டர், காத்ர் போர்ன் ஊர்ப் பையன், பள்ளியில் தமிழ் படித்தவன். கிரியோலுக்கு நடுவே தமிழில் சொன்னான்: "எடுத்தா சண்டையில அடி வாங்குறேன் அக்கா, எடுக்கலன்னா எதையோ விட்டுட்ட மாதிரி இருக்கு." அவன் சொன்னதை அப்படியே கூட்டத்தில் வைத்தேன்.

போகிமான் கேம்களில் வரும் லக்கி எக் என்ற பொருள் எனக்குப் பிடிக்கும். எக்ஸ்பி ஒன்றரை மடங்கு ஆகும், ஆனால் போகிமான் கையில் ஒரு பொருள்தான் பிடிக்க முடியும், அதனால் சண்டைக்கு உதவும் வேறொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், கஷ்டமான சண்டை வந்தால் கழற்றிவிடலாம். ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் யோசிக்க வைக்கிறது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் வேறு வழி. சோதனைக் காலத்தில், தொடர்ந்து விளையாடினால் எக்ஸ்பி பாதியாகும் என்று வைத்திருந்தார்கள், ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. ஓய்வெடுத்து வந்தால் இரட்டிப்பு என்று திருப்பிப் போட்டார்கள், கணக்கு கிட்டத்தட்ட அதேதான், ஆனால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். இங்கே தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்து கேமைத் தொடாதவர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள், அவர்கள் திரும்பி வரும்போது பின்தங்காமல் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் கேமில் அந்த ஸ்கில்லைப் பட்டியலிலிருந்து எடுத்து, கழுத்தில் மாட்டும் தாயத்தாக்கிவிட்டோம். மாட்டினால் எக்ஸ்பி 25 சதவீதம் கூடும், காக்கும் தாயத்துக்கு இடம் இருக்காது. 25 அதிகம் என்று நிரல் எழுதுபவர் இன்னும் சண்டை போடுகிறார், நான் குறைப்பதாக இல்லை.