இதயத் தசை செல்: இரண்டு வரைபடத்தையும் ஒரே தாளில் போட்டுப் படியுங்கள்

பிசியாலஜியில் இதயத் தசை என்றாலே பலரும் மின் பண்புகளை ஒரு நாளும் சுருங்கும் பண்புகளை இன்னொரு நாளும் படிக்கிறார்கள். தேர்வில் கேள்வி வருவதோ இரண்டும் சேரும் இடத்தில்தான். அதனால் நான் ஒரே தாளில், ஒரே கால அச்சில், ஆக்‌ஷன் பொட்டென்ஷியலை (தூண்டப்பட்ட செல்லின் மின்னழுத்தம் ஏறி இறங்குவதை) ஒரு நிறத்திலும் சுருக்கத்தின் விசையை இன்னொரு நிறத்திலும் வரைந்து படித்தேன். ஜூனியர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

வென்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) செல்லில் தொடங்குங்கள். மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் கிடக்கிற கோடு சோடியம் உள்ளே பாய்ந்ததும் செங்குத்தாக ஏறுகிறது, பொட்டாசியம் வெளியேறி ஒரு சின்ன இறக்கம், அப்புறம் கால்சியம் உள்ளே வருவதும் பொட்டாசியம் வெளியே போவதும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் கோடு படுத்துக்கொள்கிறது, இதுதான் பிளாட்டோ. கால்சியம் வாயில்கள் மூடியதும் பொட்டாசியத்தின் கை ஓங்கி கோடு பழைய இடத்துக்கே இறங்கிவிடும். மொத்தம் 200 முதல் 300 மில்லிசெகண்ட். எலும்புத் தசையில் இது சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். கட்டங்களுக்கான 0 முதல் 4 வரையிலான எண்களை வரைந்த பிறகு போட்டால் போதும்.

இப்போது விசைக் கோடு. மின்கோடு ஏறியதற்குச் சற்றுப் பின்னால் தொடங்கி, பிளாட்டோ நடக்கும்போதே ஏறி, மின்கோடு இறங்கி முடிந்த பிறகும் கொஞ்சம் நீள்கிறது. ரிஃப்ராக்டரி பீரியடை (செல்லை மறுபடி தூண்ட முடியாத நேரத்தை) இதன்மேல் நிழலடித்துப் பாருங்கள். செல்லை மறுபடி தூண்டலாம் என்கிற நேரம் வரும்போது தசை தளரத் தொடங்கிவிட்டிருக்கும். இதயத் தசைக்கு டெட்டனஸ் (நோயல்ல, தளராமல் தொடரும் சுருக்கம்) ஏன் வராது என்ற கேள்விக்கு இந்தப் படமே பதில், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதை வரைந்து காட்டினால் பாதிக் கேள்விகள் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு கோட்டையும் இணைப்பது கால்சியம். வெளியிலிருந்து வருவது கொஞ்சம்தான், அது ரயனோடின் ரிசப்டர் என்ற கால்சியம் வாயிலைத் திறந்து, செல்லுக்குள்ளேயே உள்ள கால்சியம் கிடங்கான சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் இருக்கும் பெரிய சேமிப்பை வெளியே விடுகிறது. அந்தக் கொஞ்சம் இல்லையென்றால் சுருக்கமே இல்லை. 1883-இல் சிட்னி ரிங்கர் கண்டது இதைத்தான்: குழாய்த் தண்ணீரில் கலக்கிய உப்புக் கரைசலில் துடித்த தவளை இதயம், காய்ச்சி வடித்த நீரில் கலக்கியதில் ஓய்ந்துபோனது, குறைந்தது கால்சியம்.

தளர்வைப் பலர் படிப்பதே இல்லை. செர்கா பம்ப் கால்சியத்தைத் திரும்ப அந்தச் சேமிப்புக்குள் இழுக்கும், செல் சவ்வில் உள்ள சோடியம்-கால்சியம் மாற்றி 3 சோடியத்தை உள்ளே விட்டு 1 கால்சியத்தை வெளியே தள்ளும். இது புரிந்தால் டிகாக்சின் என்ற இதய மருந்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அது சோடியத்தை வெளியேற்றும் பம்பைத் தடுக்கும், அதனால் உள்ளே சோடியம் கூடும், மாற்றியின் வேகம் குறையும், கால்சியம் தங்கும், சுருக்கம் பலமாகும். அட்ரினலின் வேறு ரகம். கால்சியம் வருகையைக் கூட்டுவதோடு, பாஸ்போலாம்பான் என்ற புரதம் செர்காவுக்குப் போட்டிருந்த கடிவாளத்தை எடுத்து அதையும் வேகப்படுத்துவதால் தளர்வும் சீக்கிரம் நடக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும்போது ரத்தம் நிரம்ப நேரம் வேண்டுமே!

இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஏ. நோடுக்குத் தனிப் படம் போடுங்கள். அங்கே நிலையான ஓய்வு கிடையாது, சுமார் மைனஸ் 60-இல் இருந்து ஃபன்னி கரண்ட் (முக்கியமாக சோடியம் உள்ளே வரும் மின்னோட்டம்) மெல்ல ஏற்றிக்கொண்டே போகும், செங்குத்து ஏற்றம் கால்சியத்தால், பிளாட்டோ இல்லை. இதை வென்ட்ரிக்கிள் படத்தோடு கலந்தால் மதிப்பெண் போச்சு.

கடைசியாக, எல்லோரும் குழம்பும் இடம். ஸ்டார்லிங் விதியில் (ரத்தம் அதிகம் நிரம்பினால் சுருக்கம் பலமாகும் என்பதில்) கூடுவது தசை நாரின் நீளம், நீளும்போது இழைகள் அதே கால்சியத்துக்கே அதிகமாக இசைந்துகொடுக்கும். கான்ட்ராக்டிலிட்டி (தசையின் சுருங்கும் திறன்) கூடினால் நீளம் மாறாமலேயே விசை கூடும். நீளம்-விசை வரைபடத்தில் முன்னது ஒரே வளைவின் மேல் நகர்வது, பின்னது வளைவே மேலே எழும்புவது. விடைத்தாளில் இரண்டையும் அம்புக்குறி போட்டுக் காட்டிவிடுங்கள்.