ஜெஸ் சாப்பிட்ட பான்கேக்

கேத்தரின் பேட்டர்சனின் 'பிரிட்ஜ் டு டெராபிதியா' நாவலை நேற்று ராத்திரி மறுபடியும் படித்து முடித்தேன். 1977இல் வந்த நாவல். மகனின் சின்ன வயதுத் தோழி மின்னல் தாக்கி இறந்துபோன பிறகுதான் பேட்டர்சன் இதை எழுதினார்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஜெஸ். அவனும் தோழி லெஸ்லியும் ஓடைக்கு அக்கரையில் கற்பனையாக அமைத்த ராஜ்யம்தான் டெராபிதியா. ஓடையைத் தாண்டும் கயிறு அறுந்து லெஸ்லி இறந்துவிடுகிறாள். மறுநாள் காலை அவன் அழவில்லை. உட்கார்ந்து பான்கேக் சாப்பிடுகிறான், அதுவும் ருசித்து. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. எனக்கோ அந்த இடத்தில்தான் தொண்டை அடைத்தது. குழந்தையின் துக்கம் அப்படித்தான், முதலில் உள்ளேயே இறங்காது.

அப்புறம் கோபம். தங்கச்சி மே பெல்லை முகத்தில் அறைகிறான். லெஸ்லி கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த பெயிண்டுகளை ஓடையில் வீசுகிறான். பின்னாலேயே வந்த அப்பா அவனை மடியில் இழுத்து வைத்துத் தலையைத் தடவுகிறார். சின்னத் தங்கைகளை மட்டும் அப்பா கொஞ்சுவதைப் பார்த்து இத்தனை நாள் ஏங்கிய பையன் அவன்! இரண்டு தடவை படித்தேன் அந்தப் பக்கத்தை.

அவனுக்குப் பிடிக்காத டீச்சர் சொல்வதும் அருமை. கணவர் இறந்தபோது எல்லோரும் அழாதே, மறந்துவிடு என்றார்களாம். அவருக்கு மறக்க இஷ்டமில்லை.

கடைசியில் ஜெஸ் பலகைகளைப் போட்டு ஓடைக்குப் பாலம் கட்டுகிறான். மே பெல்லின் தலையில் பூ வைத்து, கையைப் பிடித்து அக்கரைக்குக் கூட்டிப்போகிறான்.