ஏஜென்ட் "இல்ல"ன்னு சொன்னா அது நெசமாவே இல்லாம இருக்கணும்

கோத்தகிரி பக்கம் எங்க ஊரு சிறு தேயிலை விவசாயிகள் குழுவோட பேப்பர் எல்லாம் இப்ப கிளவுட்ல தான் இருக்கு. கூட்டத் தீர்மானம், மண் பரிசோதனை ரிப்போர்ட், ஃபேக்டரிக்கு கொழுந்து போட்ட கணக்கு, மானியம் கேட்டு எழுதின மனு, எல்லாம் வருஷக்கணக்கா சேர்ந்தது. "பள்ளத்துல இருக்குற தோட்டத்துல எதெல்லாம் உறைபனில கருகுச்சு, நிவாரணம் கேட்டு எழுதினோமா"ன்னு ஒரு ஏஐ ஏஜென்ட் கிட்ட, அதாவது நாம கேட்டத தானே டூல ஓட்டி தேடி பதில் சொல்ற ஏஐ கிட்ட, தமிழ்லயே கேட்டா பதில் வரணும், அதுக்காக ஒரு ஃபைல் தேடுற டூல் எழுதிட்டு இருக்கேன். செய்யச் செய்ய ஒண்ணு நல்லா புரிஞ்சுது. ஏஜென்ட் தப்பான ஃபைல காட்டினா கூட பரவால்ல, தொறந்து பாத்தா தெரிஞ்சுடும். ஆனா "அப்படி எதுவும் இல்ல"ன்னு சொல்லிட்டா யாரும் மேல தேட மாட்டாங்க, மனு போட வேண்டிய ஆளு போடாமயே விட்டுருவாரு.

நம்ம மெஷின்ல ஃபைல் இருந்தா கிரெப் (grep) போதும், குடுத்த சொல்லு எந்த ஃபைல்ல எந்த வரில இருக்குன்னு தேடுற சின்ன புரோகிராம். கென் தாம்சன் எழுதி 1973லயே யூனிக்ஸ்ல வந்துடுச்சு, ஏஜென்ட்டுங்களும் அத நல்லா ஓட்டும். கிளவுட் ஸ்டோரேஜ்ல அந்த கதை நடக்காது. 2006ல வந்த அமேசானோட எஸ்3 (S3) கிளவுட் ஸ்டோரேஜ எடுத்துக்கோங்க, ஃபைல் போட்டு வெக்குற இடத்துக்கு அதுல பக்கெட்னு பேரு, சாதாரண பக்கெட்ல ஃபோல்டர்னு ஒண்ணே கிடையாது, நாம ஃபோல்டர்னு நெனைக்குறது ஃபைல் பேர்ல இருக்குற சாய்வுகோடு தான். பட்டியல் கேட்டா ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1000 ஃபைலோட பேர் தான் வரும், மிச்சத்துக்கு திரும்ப கேக்கணும். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி ரிக்வெஸ்ட், சின்ன ஃபைலா இருந்தாலும் 100, 200 மில்லிசெகண்ட் ஆகும், ஒவ்வொண்ணுக்கும் காசு வேற. 1000 ஃபைல ஒண்ணு ஒண்ணா எடுத்தா ஒன்றரை நிமிஷம் தாண்டிடும். ஏஜென்ட்டும் ஒரு தடவை தேடிட்டு நிக்காது, வார்த்தைய மாத்தி மாத்தி தேடும், மழை நாள்ல இங்க நெட் இருக்குற லட்சணத்துல அதெல்லாம் ஆகாத காரியம்.

அதனால இன்டெக்ஸ் வேணும், புத்தகத்துக்கு பின்னாடி இருக்குற சொல்லடைவு மாதிரி எது எந்த ஃபைல்ல இருக்குன்னு முன்கூட்டியே குறிச்சு வெச்ச பட்டியல். ஃபைல் பக்கெட்ல ஏறின உடனே புது ஃபைல் வந்துருக்குன்னு ஒரு ஈவென்ட் வரும், அப்பவே டெக்ஸ்ட்ட உருவி இன்டெக்ஸ் போட்டு அதே பக்கெட்ல வெச்சுடுறேன், தேடும்போது இன்டெக்ஸ்ல தேவையான துண்ட மட்டும் ரேஞ்ச் ரிக்வெஸ்ட்ல எடுத்தா போதும், தனியா சர்வர் வேண்டாம். இது வரைக்கும் எந்த மொழிக்கும் ஒண்ணு தான்.

தமிழ்ல தான் சிக்கலே. கிரெப் மாதிரி தேட வழக்கமா டிரைகிராம் இன்டெக்ஸ் போடுவாங்க, புரோகிராம் கோடுல தேடுறதுக்கு கூகுள் வெச்சிருந்த கோட் சர்ச் எப்படி வேலை செஞ்சுதுன்னு அத எழுதின ரஸ் காக்ஸ் 2012ல விளக்கமா எழுதினாரே அதே முறை. மூணு மூணு பைட்டா நறுக்கி எந்த துண்டு எந்த ஃபைல்ல இருக்குன்னு குறிச்சு வெக்குறது. இங்கிலீஷ்ல மூணு பைட்னா மூணு எழுத்து. எழுத்த பைட்டா சேமிக்குற யூடிஎஃப்-8 முறைல தமிழுக்கு ஒரு குறியீட்டுக்கே, அதாவது ஒரு எழுத்துக்கோ கொம்பு, கால் மாதிரி ஒரு குறிக்கோ, மூணு பைட் போயிடும்! அப்ப 'உறைபனி'ன்னு தேடினா இன்டெக்ஸ் என்ன சொல்லும்? உ, ற, ப இதெல்லாம் இருக்குற ஃபைல் எதுன்னு சொல்லும், அது எல்லா ஃபைல்லயும் தான் இருக்கு. சலிக்காத சல்லடை. பைட்ட விட்டுட்டு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்குற தரம்) குறியீட்டு கணக்குல மூணு மூணா நறுக்கினதுக்கு அப்புறம் தான் தேட வேண்டிய ஃபைல் கொஞ்சமா சுருங்குச்சு.

அடுத்தது எங்க ஊர் பேரு. 'கோ'வுல இருக்குற நெடில் ஓகாரத்த ஒரே குறியீடாவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டாவும் சேமிக்கலாம். ஸ்கிரீன்ல ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு, பைட்டுல வேற வேற. ஒரு மாதிரி டைப் பண்ண கோத்தகிரிய இன்னொரு மாதிரி தேடினா கிரெப் பேசாம "இல்ல"ன்னுடும். யூனிகோட்லயே இதுக்கு என்எஃப்சி (NFC)ன்னு நார்மலைஸ் பண்ற, அதாவது ரெண்டு வடிவத்தையும் ஒண்ணாக்குற வழி இருக்கு, இன்டெக்ஸ் போடும்போதும் ஏஜென்ட் கேக்கும்போதும் ரெண்டு பக்கமும் கட்டாயம் ஓட்டணும். தமிழுக்கு தேடல் எழுதுற எல்லாரும் மொதல் நாளே செய்ய வேண்டிய வேலைன்னு அடிச்சு சொல்வேன்.

வேற்றுமை உருபு வேற இருக்கு. ஏஜென்ட் 'கூட்டம்'னு தேடும், தீர்மான நோட்டுல 'கூட்டத்தில்'னு இருக்கும், கடைசி மகரம் காணாம போயிடும். இதுக்கு பெரிய இலக்கண இயந்திரம் எல்லாம் கட்டல. ஏஜென்ட் படிக்குற டூல் விளக்கத்துலயே "'ம்'ல முடியுற சொல்லுன்னா அந்த 'ம்'ம விட்டுட்டு தேடு, கூட்ட, தோட்ட, நிவாரண"ன்னு உதாரணத்தோட எழுதி வெச்சேன், ஏஜென்ட் அத ஒழுங்கா கேக்குது.

வெக்டர் டேட்டாபேஸ்ல (எழுத்தோட அர்த்தத்த எண்களா மாத்தி வெக்குற டேட்டாபேஸ்) போட்டா தீந்துச்சே, அர்த்தத்த வெச்சே தேடுமேன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். அதுவும் வேணும் தான், 'பனியில் வாடியது'ன்னு எழுதினத 'கருகுச்சு'ன்னு கேட்டா அது தான் பிடிக்கும். ஆனா சர்வே நம்பர், பட்டா நம்பர், தேதி இதுக்கு கிட்டத்தட்ட சரின்னு ஒண்ணு கிடையாது. எழுத்துக்கு எழுத்து பொருந்தணும்.

நான் ரொம்ப கவனம் வெச்சது டூல் திருப்பி குடுக்குற பதில்ல. எதுவும் கிடைக்கலன்னா வெறும் காலி பட்டியல் வராது. எந்த பகுதில தேடுச்சு, அதுல எத்தன ஃபைல் இருக்கு, எத்தன படிக்க முடிஞ்சுது, எதெல்லாம் வெறும் ஸ்கேன் படம், எது பழைய ஃபான்ட்ல டைப் பண்ணது, எல்லாம் சேர்ந்து வரும். அப்ப தான் ஏஜென்ட் "தீர்மான நோட்டுல இல்ல, ஆனா மனு ஃபோல்டர்ல பாதி ஸ்கேனா இருக்கு, அத நான் படிக்கல"ன்னு நம்ம கிட்ட நேர்மையா சொல்லும். கிடைச்ச வரிங்க ரொம்ப நிறைய இருந்தாலும் மொத்தத்தையும் கொட்டாது, கொஞ்சம் காட்டிட்டு இன்னும் இருக்குன்னு சொல்லும், இல்லன்னா ஏஜென்ட்டோட கான்டெக்ஸ்ட், அதாவது அது ஒரே நேரத்துல மனசுல வெச்சுக்கக்கூடிய அளவு, ரொம்பிடும். ஏஜென்ட்டுக்கு உரிமையும் படிக்க மட்டும் தான், அழிக்கவோ மாத்தவோ முடியாது. ஆளுங்க பட்டா, பாஸ்புக் நகல் இருக்குற ஃபோல்டருக்கு சாவியே குடுக்கல.

பழைய ஃபான்ட் வேலை தான் இப்ப போயிட்டு இருக்கு. தமிழ்நாடு அரசு 2010ல யூனிகோட தரமா அறிவிச்சாலும் அதுக்கு முந்தி டிடிபி சென்டர்ல அடிச்ச மனு எல்லாம் உள்ள பாத்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா தான் கெடக்கு, எந்த ஃபான்ட்னு கண்டுபிடிச்சு அதுக்குன்னு இருக்குற அட்டவணைய வெச்சு மாத்தணும். கையெழுத்து கொழுந்து சீட்டுக்கு ஓசிஆர் (படத்துல இருக்குற எழுத்த டெக்ஸ்ட்டா மாத்துறது) இன்னும் நம்பிக்கையா வரல, அதனால தேதியும் ஃபேக்டரி பேரும் மட்டும் நாங்களே டைப் பண்ணி சேத்துட்டு, ஏஜென்ட் அந்த படத்தயே எடுத்து முன்னாடி வெக்குற மாதிரி விட்டுருக்கேன், தொகைய விவசாயியே பாத்து படிச்சுக்குவாரு.