மேல்வீட்டு அண்ணையின் கதைகள்

கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்த புதிதில் நான் இருந்தது மார்க்கம் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மென்டில். நாலு பெடியள், ஒரு குசினி, ஒரு குளியலறை. மேலே வீட்டுக்கார அண்ணையும் அக்காவும். ஸ்னோ கொட்டும் இரவுகளில் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு படியிறங்கி வருவார். ஹீற்றர் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் வருவதாகச் சொல்லுவார். ஆனால் வந்தால் ஒரு கதை சொல்லாமல் திரும்பிப் போகமாட்டார்.

என்னோடு இருந்த பெடியள் அவர் கதைகளை அண்டப்புளுகு என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பேர்லின் சுவர் இருந்த காலத்தில் கிழக்கிலிருந்து மேற்குக்கு ரெயினில் போனேன் என்று ஒருவர் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தச் சுவரில் ஏறினவர்களைச் சுட்டுப்போட்டார்கள் என்றுதானே படித்திருக்கிறோம்.

"சுட்டது அவையின்ர சனத்தை, தம்பி. எங்களை ஆர் சுடப்போறான்? மொஸ்கோவுக்கு ஏரோஃபுளொட், அங்கயிருந்து கிழக்கு பேர்லின். றான்சிற் விசா தந்தவங்கள். ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசே ஸ்ரேசனில ரெயின் ஏறினா, அடுத்ததா இறங்கிறது மேற்கு. அங்கால ஒருத்தனும் பாஸ்போட் கேக்கேல்ல."

இது அப்படியே நடந்த விஷயம். எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனம் ஆயிரக்கணக்கில் போன வழி அது. மேற்கு பேர்லினை ஆண்ட நேச நாடுகளும் மேற்கு ஜேர்மனியும் பேர்லினின் நடுவே ஓடிய கோட்டை ஒரு நாட்டின் எல்லையாக ஏற்கவில்லை. அங்கே பாஸ்போட் பார்த்தால் அதை எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் பார்க்கவில்லை. கிழக்கு ஜேர்மனிக்கோ விமானக் காசு வந்தது, மேற்குக்குத் தலையிடியும் சேர்ந்தது. உலகத்தின் இரண்டு பெரிய முகாம்கள் முறுகிக்கொண்டு நின்ற இடுக்கால் யாழ்ப்பாணத்து உரும்பிராய்ப் பெடியன் ஒருவன் ஒரு சூட்கேசோடு நடந்து போயிருக்கிறான். சரித்திரத்தில் எங்களுக்கென்று யாரும் வாசல் திறந்து வைக்கவில்லை. கிடைத்த வெடிப்புகளுக்குள்ளால்தான் வந்தோம்.

அதைவிடப் பெரிய கதை கடல். அதைச் சொல்லும்போது மட்டும் அண்ணை கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

ஜேர்மனியில் ஹைமில், அதாவது அகதிகளைத் தங்கவைக்கும் விடுதியில், இருக்கிறார். வேலை செய்ய அனுமதியில்லை. எந்த நேரமும் திருப்பி அனுப்பலாம் என்ற பயம். கனடாவுக்குக் கப்பல் போகுது என்று ஒருவன் வருகிறான். சில ஆயிரம் மார்க் கேட்கிறான். அங்கே இங்கே மாறிக் காசைக் கட்டி, 1986 யூலைக் கடைசியில் பிராக்கே என்ற துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலின் அடித்தட்டுக்குள் ஏறுகிறார்கள். கடைசியில், நடுக்கடலில், இரவில், கப்டன் இரண்டு உயிர்காப்புப் படகுகளை இறக்கி, "இந்தப் பக்கம் போனால் மொன்றியல்" என்று காட்டிவிட்டுக் கப்பலைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

இரண்டு படகில் 155 பேர். பெண்கள், குழந்தைகளும். ஒருவரின் முழங்கால் மற்றவரின் நெஞ்சில். படுக்க முடியாது, எழும்ப முடியாது. தண்ணீர் போத்தலின் மூடியில் அளந்து கொடுத்ததாகச் சொன்னார், முதலில் பிள்ளைகளுக்கு. "குளிருக்கும் பயத்துக்கும் நடுங்கிறது வேற வேற மாதிரி இருக்கும் தம்பி. அங்கதான் பிரிச்சறிஞ்சனான்." மூடுபனிக்குள் மூன்று நாளளவில் மிதந்தபின், ஆகஸ்ட் 11ஆம் திகதி, நியூஃபவுண்ட்லாந்தின் தெற்குக் கரைக்கு அப்பால் கஸ் டால்டன் என்ற மீன்பிடிக் கப்டனின் படகு அவர்களைக் கண்டது. மொன்றியல் அங்கிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் கூட.

அண்ணை சொன்ன அன்றிரவே நான் போனில் தேடினேன். திகதி சரி, ஆட்கணக்கு சரி. கப்பலின் பெயர் ஔரிகே. படங்கள்கூட இருந்தன. பெரிய ஜக்கற்றுகளுக்குள் புதைந்த எங்கள் முகங்கள். கீழ்வீட்டுப் பெடியளுக்குக் காட்டினேன். சத்தமில்லாமல் வாங்கிப் பார்த்தார்கள். மறுநாள் அண்ணை இறங்கி வந்தபோது ஒருவன் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு விஷயம். கரை சேர்ந்ததும் அவர்கள் முதலில் சொன்னது, இந்தியாவிலிருந்து நேரே கப்பலில் வந்தோம் என்று. அதுதான் பொய். ஜேர்மனியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்; சொன்னால் அங்கேயே திருப்பி ஏற்றிவிடுவார்கள் என்ற பயமும். சில நாட்களில் உண்மை வெளியே வந்தது. பேப்பர்கள் பொய்யர்கள் என்று எழுதின. ஆனால் யோசித்துப் பாருங்கள். அகதிகள் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தார்கள் என்பது கேட்ட உடனே நம்பக்கூடிய கதை. ஒரு மனிதன் கைக்குழந்தைகளை அத்திலாந்திக் கடலில் இறக்கிவிட்டுப் போனான் என்பது யாரும் நம்ப விரும்பாத கதை. நம்பக்கூடியது பொய்யாகவும் நம்ப முடியாதது உண்மையாகவும் இருந்தது.

பிரதமராக இருந்த பிரையன் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஒரு வருடத்துக்கு இருக்கவும் வேலை செய்யவும் அனுமதி கிடைத்தது.

என்னுடைய அகதிக் கோரிக்கையின் ஹியரிங், அதாவது நேரடி விசாரணை, நெருங்கியபோது இதையெல்லாம் நினைத்துக்கொண்டே இருந்தேன். அகதிக் கோரிக்கை என்றால் என்ன நடந்தது என்று சொல்வதுதான் என நினைத்து வருகிறோம். அங்கே எடை போடப்படுவது நம்பகத்தன்மை. காசுக்கு உங்களைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரனின் உண்மைப் பேர் தெரியாமல் எப்படி இத்தனை நாடு தாண்டினீர்? பாஸ்போட்டில் என்ன பேர் இருந்தது என்று பார்க்கவேயில்லையா? கேட்பவருக்கு நியாயமான கேள்விகள். வாழ்ந்தவனுக்குப் பதில், "பார்க்க விடேல்ல" என்ற இரண்டு சொல். தெரிந்தவர் ஒருவர், கதையைக் கொஞ்சம் சீராக்கிச் சொல்லு என்று புத்தி சொன்னார். அண்ணை அதைக் கேட்டுக் கோபப்பட்டார். நான் அவரைக் கோபமாகக் கண்டது அப்போதுதான்.

"ஒண்டையும் சீராக்காத. தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லு. நாங்கள் நம்பிற மாதிரி ஒண்டைச் சொல்லப்போய்ப் பட்டது காணும்."

அவர் சொன்னபடியே செய்தேன். கோரிக்கை ஏற்கப்பட்டது.

அந்த மேசைக்கு முன்னால் இருந்து பேசும் உரிமையும் சும்மா வந்ததில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1985 ஏப்ரல் 4ஆம் திகதி கனடா உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்வரை, அதிகாரி எடுத்த வாக்குமூலத்தின் பிரதியை வாசித்தே முடிவெடுத்தார்கள். முடிவெடுப்பவர் ஆளின் முகத்தையே பார்ப்பதில்லை. ஒருவரின் சொல்லை நம்புவதா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால் அவரை நேரில் வைத்துக் கேட்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. பெரும்பாலும் சீக்கியர்களான சிலர் போட்ட வழக்கு அது. நாங்கள் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

அண்ணைக்கு வயது போய்விட்டது. படியிறங்க முழங்கால் விடுவதில்லை. நான் இப்போது வேறு வீட்டில் இருந்தாலும் ஞாயிறுகளில் போய் அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்கிறேன். வீட்டிலே ஒரு பெரியவர் இப்படி இருந்தால் நீங்களும் செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பேர்லின் முடிந்துவிட்டது, ஹைமில் நிற்கிறோம். கடலுக்குப் போகும்போது அக்காவும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்கிறார். அந்தக் கிழமை ஊரில் றேடியோவுக்குப் பக்கத்தில் இருந்து செய்தி கேட்டது அவதான். திகதிகளிலும் அவ சொல்வதுதான் சரியாக இருக்குமாம்.